மூன்றாவது புள்ளி

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மாலை. காலை முதல் விடாது பெய்த மழையில் எங்கள் காளிகாட் சந்து ஓடையாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து முழங்கால் நீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். வாசலின் இரண்டாம் படிவரை நீர் ஏறி நின்றது. "இது எப்போது வடியும்?" என்று இல்லாள் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் தம் சன்னலிலிருந்தே விடை பகர்ந்தார்: "கங்கையில் ஏற்றம் இருக்கிறது. அது உச்சத்தைத் தாண்டி இறங்கினால்தான் மதகைத் திறப்பார்கள். அதுவரை பொறுக்க வேண்டியதுதான்."

உள்ளே என் தமக்கையின் மகன் கணக்குப் புத்தகத்தின் ஒரே பக்கத்தை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராம் வகுப்பில் படிப்பவன், எங்களோடு தங்கியிருப்பவன்.

"என்ன கணக்கு, தம்பி?" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியாது, மாமா. பரவளையம். மூன்று புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே செல்லும் பரவளையத்தின் சமன்பாட்டைக் கேட்கிறார்கள். தனிப்பாட ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இதே நிலைதான். பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியதும் பெற்றோர் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. தொட்டால் நம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சம் ஒரு புறம். அவர்கள் பயிலும் மொழி நமக்கு அயலாயிற்றே என்ற தயக்கம் மறுபுறம். மாதந்தோறும் தனிப்பாடத்திற்குப் பணம் கட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

அன்றைக்கு வெளியே செல்ல வழியில்லை. ஆசிரியரும் வர இயலாது. ஆதலால் அவனருகே அமர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. முதலாவது, அந்தக் கணக்கிற்கு வேண்டிய கருவி முழுவதும் நான் பத்தாம் வகுப்பிலேயே கற்றது. இரண்டாவது, இல்லாள் கேட்ட கேள்வியும் மருமகன் கேட்ட கேள்வியும் ஒன்றே. அதை அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரவளையம் என்பது

மேலே எறிந்த பந்து வளைந்து சென்று கீழே விழுகிறதன்றோ? அது காற்றில் வரையும் கோடே பரவளையம். இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, எறியப்பட்ட பொருள் இவ்வழியே செல்லும் என்பதை 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் நிறுவிக் காட்டினார். ரயில் எஞ்சினின் முகவிளக்கில் உள்ள குழிந்த ஆடியும், மாடிகளில் காணும் தொலைக்காட்சித் தட்டும் இவ்வளைவைச் சுழற்றினாற் பெறும் வடிவினவே.

இவ்வளைவின் இலக்கணம் எளிது. பந்தின் உயரத்தை நேரத்தைக் கொண்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உயரத்தில் மூன்று பங்குகள் உண்டு: நேரத்தின் வர்க்கத்தை ஓர் எண்ணால் பெருக்கிய பங்கு, நேரத்தையே வேறோர் எண்ணால் பெருக்கிய பங்கு, மாறாமல் நிற்கும் ஒரு பங்கு. அம்மூன்று எண்களும் நமக்குத் தெரியாதவை. அவற்றிற்கு நம் சுட்டெழுத்துகள் மூன்றையும் பெயராக இடுவோம்: அ, இ, உ. ஆகவே,

உயரம் = அ × நேரத்தின் வர்க்கம் + இ × நேரம் + உ

தெரியாத எண்ணுக்கு எழுத்தைப் பெயராக இடுவது மேனாட்டாரிடம் கடன் வாங்கிய வழக்கமன்று. பண்டை இந்தியக் கணிதர்கள், தெரியாதவை பலவாக வரும்போது நிறங்களின் பெயரை இட்டனர். காளகம், நீலகம், பீதகம், அதாவது கருமை, நீலம், மஞ்சள் என்று வைத்து, அவற்றின் முதலெழுத்தை மட்டும் கணக்கில் எழுதினர். நாம் அ, இ, உ என்று எழுதினால் பழைய மரபையே தொடர்கிறோம்.

இரண்டு புள்ளி ஏன் போதாது?

ஒரு தாளில் இரண்டு புள்ளிகளை வையுங்கள். அவற்றின் வழியே நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் வரையலாம். வளைவோ எத்தனை வேண்டுமானாலும் வரையலாம்: மேல் நோக்கிக் குவிந்தவை, கீழ் நோக்கிக் குழிந்தவை, மிகவும் வளைந்தவை, சற்றே வளைந்தவை. எவ்வளவு வளைவு என்பதை அவ்விரண்டு புள்ளிகள் சொல்லமாட்டா. மூன்றாவது புள்ளி ஒன்றை வைத்தவுடன் மற்றவை எல்லாம் விலகி ஒரே ஒரு பரவளையம் நிற்கிறது.

இருப்புப்பாதைத் தொழிலாளர் இதை நாள்தோறும் செய்கிறார்கள். வளைந்த பாதையில் 20 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் இரு முனைகளையும் தண்டவாளத்தின் பக்கத்தில் ஒட்டிப் பிடிப்பர். முனைகள் இரண்டும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கயிற்றின் நடுவிடத்திற்கும் தண்டவாளத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்தபின்பே வளைவு தெரியும். அது 50 மில்லிமீட்டர் இருக்குமானால் அவ்வளைவின் ஆரம் 1000 மீட்டர். 100 மில்லிமீட்டரானால் 500 மீட்டர். அங்கே தேடுவது வட்டத்தின் வில்; ஆயினும் நியாயம் ஒன்றே. முனைகள் இரண்டும் மௌனம். நடுவிலுள்ள மூன்றாவது புள்ளிதான் பேசுகிறது.

ஆற்றங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி எங்கள் சந்தில் நின்ற நீருக்கு வருவோம். காளிகோயிலின் அருகே ஓடும் ஆதிகங்கையை, 1775 முதல் 1777 வரை வில்லியம் டோலி என்பார் வெட்டி ஆழப்படுத்தினார்; அதனால் அதற்கு டோலி நாலா என்றும் பெயர். அது ஹேஸ்டிங்ஸ் அருகே ஹூக்ளி நதியோடு கூடுகிறது. கடல் வெகு தொலைவில் இருந்தும், அதன் ஏற்றவற்றம் ஹூக்ளி வழியாக நகரத்தையும் ஆதிகங்கையையும் எட்டுகிறது. ஏற்றத்தின்போது ஆற்றுநீர் உள்ளே புகாதபடி வடிகால் மதகுகளை அடைத்துவிடுகிறார்கள். அவ்வேளையில் மழையும் பெய்தால் தெருநீர் போக்கிடமின்றித் தேங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகும். வங்காளிகள் இதனை 'பரா கோட்டால்' என்பர். ஆகவே "நீர் எப்போது வடியும்?" என்ற கேள்வி, "ஏற்றத்தின் உச்சம் எப்போது?" என்ற கேள்வியே ஆகும்.

மழை ஓய்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகனும் ஹூக்ளிக் கரையில் பாபு காட் படித்துறைக்குச் சென்றோம். மூங்கிற்கழி ஒன்றில் சென்டிமீட்டர்க் கோடுகள் இட்டு, முற்பகலில் நீர் இறங்கியிருந்தபோதே கீழ்ப்படியின் அருகிலிருந்த கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். பிற்பகல் 2 மணிக்கு நீர்மட்டம் 102 சென்டிமீட்டர். 3 மணிக்கு 151. 4 மணிக்கு 170. உச்சத்தின் அருகே நீரின் ஏற்றம் தணிந்து, நின்று, திரும்புகிறது. அந்தச் சிறு பொழுதில் அதன் போக்கைப் பரவளையமாகக் கொள்வதில் பெரும் பிழை நேராது. ஆதலின் இம்மூன்று அளவுகளும் நமக்கு மூன்று புள்ளிகள்.

2 மணியை நேரத்தின் தொடக்கமாக, அதாவது 0 என்று, கொள்வோம். 3 மணி 1 ஆகிறது; 4 மணி 2 ஆகிறது. ஒவ்வொரு புள்ளியையும் மேற்சொன்ன இலக்கணத்தில் பொருத்துவோம்.

முதற்புள்ளியில் நேரம் 0. அ, இ ஆகியவற்றின் பங்குகள் மறைந்துவிடும். எனவே,
உ = 102

இரண்டாம் புள்ளியில் நேரம் 1. அதன் வர்க்கமும் 1. எனவே,
அ + இ + உ = 151

மூன்றாம் புள்ளியில் நேரம் 2. அதன் வர்க்கம் 4. எனவே,
4அ + 2இ + உ = 170

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'வர்க்கம்' என்ற சொல்லைக் கண்டு மருமகன் மலைத்தான். ஆனால் நேரம் நமக்குத் தெரிந்த எண். அதன் வர்க்கமும் தெரிந்த எண். தெரியாதவையாகிய அ, இ, உ எவையும் வர்க்கத்தில் இல்லை. ஆகவே வளைந்த கோட்டைப் பற்றிய கேள்வி, நேரான சமன்பாடுகள் மூன்றாக மாறிவிட்டது. இவற்றை ஒருங்கமை சமன்பாடுகள் என்பர். லேக் மார்க்கெட்டில் ஒருத்தி 2 தேங்காயும் 3 எலுமிச்சையும் வாங்கினாள், மற்றொருத்தி 1 தேங்காயும் 5 எலுமிச்சையும் வாங்கினாள், இருவரும் கொடுத்த தொகை இவ்வளவு, ஒவ்வொன்றின் விலை என்ன என்று பள்ளியில் போட்டோமே, அதே கணக்குத்தான். தெரியாதவை மூன்றானால் செய்திகளும் மூன்று வேண்டும். அவ்வளவே வேறுபாடு.

கழித்தலே வழி

உ 102 என்று கிடைத்துவிட்டது. அதனை மற்ற இரண்டிலிருந்தும் கழிப்போம்.

அ + இ = 49
4அ + 2இ = 68

முதலாவதை இரட்டித்தால் 2அ + 2இ = 98. இதனை இரண்டாவதிலிருந்து கழித்தால் இ மறைந்து, 2அ = −30 என்று வரும். அ = −15. அதனை மீண்டும் பொருத்த இ = 64. ஆக,

நீர்மட்டம் = −15 × நேரத்தின் வர்க்கம் + 64 × நேரம் + 102

உடனே சரிபார்க்க வேண்டும். நேரம் 2 என்றால் −60 + 128 + 102, மொத்தம் 170. ஒத்துவருகிறது.

அ குறை எண்ணாக வந்தது பிழையன்று. வளைவு மேலே சென்று கீழே திரும்புகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அ மிகை எண்ணானால் வளைவு கிண்ணம்போல் நிற்கும். அ பூச்சியமாகுமானால் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளன; அங்கே பரவளையமே இல்லை. ஒரே நேரத்திற்கு இரண்டு வெவ்வேறு அளவுகளைக் கொடுத்தால் விடையே வராது. ஒரு நொடியில் ஆறு இரண்டு மட்டத்தில் நிற்க இயலாதல்லவா?

உச்சம் எப்போது? இ என்பதை அ என்பதன் இருமடங்கால் வகுத்து, குறியை மாற்றினால் உச்சத்தின் நேரம் கிடைக்கும். 64ஐ 30ஆல் வகுக்க, 2 மணி 8 நிமிடம். அஃதாவது மாலை 4 மணி 8 நிமிடம். அப்போதைய நீர்மட்டம் 170 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. "இல்லாள் கேட்டதற்கு இதுதான் விடை கூறும் முறை" என்றேன். மருமகன் சிரித்தான்.

இவ்வாறு ஒன்றையொன்று கழித்துத் தெரியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கும் முறைக்கு மேனாட்டார் ஜெர்மானிய அறிஞர் காஸ் என்பவரின் பெயரை வழங்குகின்றனர். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சீனக் கணித நூலிலேயே, எண்களை வரிசையாக அடுக்கி இதனைச் செய்திருக்கிறார்கள்.

கல்லூரித் தெருவில் ஒரு பழைய நூல்

காளிகாட்டில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி சாலையில் இறங்கினால் கல்லூரித் தெரு நடைதூரம். அங்குள்ள கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1934ஆம் ஆண்டில் 'கண்டகாத்யகம்' என்னும் வடமொழி வானநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் பிரபோத சந்திர சேன்குப்தா. மூலநூல் 665ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் இயற்றியது. நாம் ஆற்றங்கரையில் செய்ததை அவர் வானத்திற்குச் செய்திருக்கிறார்.

கோள்களின் இடத்தைக் கணிக்க 'ஜ்யா' என்னும் அளவு தேவை. இன்று பிள்ளைகள் சைன் என்று படிப்பது அதுவே. பிரம்மகுப்தர் ஆரத்தை 150 என்று கொண்டு, 15 பாகைக்கு ஒருமுறை மட்டுமே அதன் மதிப்பைத் தருகிறார்: 39, 75, 106, 130, 145, 150. இடைப்பட்ட பாகைக்கு என்ன செய்வது? 40 பாகையின் மதிப்பு வேண்டும் என்போம். 30 பாகைக்கு 75. 45 பாகைக்கு 106. நடுவே நேர்கோடு இட்டால் 95.67 என வரும். உண்மை மதிப்போ 96.42. முக்கால் அளவு குறைகிறது.

பிரம்மகுப்தர் நேர்கோட்டோடு நிற்கவில்லை. 15 பாகையின் மதிப்பாகிய 39ஐயும் துணைக்கு அழைத்தார். இப்போது புள்ளிகள் மூன்று: 39, 75, 106. அடுத்தடுத்த வேறுபாடுகள் 36, 31. அவ்விரண்டின் சராசரி 33.5, அவற்றின் வேறுபாட்டில் பாதி 2.5. இவ்விரண்டையும் கொண்டு இடையிலுள்ள மதிப்பைக் காண அவர் வகுத்த விதியின்படி 40 பாகைக்கு 96.22 வருகிறது. பிழை முக்காலிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

நாங்கள் அதே மூன்று புள்ளிகளை நம் முறையில் பொருத்திப் பார்த்தோம். 30 பாகையை 0 என்றும், 15 பாகையை −1 என்றும், 45 பாகையை 1 என்றும் கொண்டால், உ = 75; அ − இ = −36; அ + இ = 31. விடை: அ = −2.5, இ = 33.5. பிரம்மகுப்தரின் எண்களே! அவர் கூறிய விதி, மூன்று புள்ளிகளின் வழியே செல்லும் பரவளையமன்றி வேறில்லை.

இந்த வழியில் ஆற்றுக் கணக்கையும் சுருக்கலாம். 102, 151, 170. வேறுபாடுகள் 49, 19. அவற்றின் வேறுபாடு −30. அதில் பாதி −15, அதுவே அ. புள்ளிகள் சம இடைவெளியில் இருந்தால், பிள்ளைகள் இரண்டு முறை கழித்து வாய்க்கணக்காகவே அ காணலாம்.

சென்னையில் தவறிய மூன்றாவது நாள்

மூன்றாவது புள்ளி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னை நகரமே ஒரு சான்று.

வால்மீன்கள் பல, சூரியனை அணுகும்போது ஏறக்குறையப் பரவளைய வழியிலேயே செல்கின்றன. விண்ணில் அவ்வழியை உறுதி செய்ய ஐந்து எண்கள் தெரிய வேண்டும். ஒருமுறை வால்மீனைப் பார்த்தால் அதன் இடத்தைக் குறிக்கும் எண்கள் இரண்டு கிடைக்கும். இருமுறை பார்த்தால் நான்கு. ஐந்துக்கு ஒன்று குறைவு. மூன்று முறை பார்த்தால் ஆறு. போதும், ஒன்று மிச்சம். மூன்று பார்வைகளைக் கொண்டு வால்மீனின் பரவளையப் பாதையைக் காணும் எளிய முறையை ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1797ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பீலா என்பாரின் பெயரால் வழங்கிய வால்மீன் ஒன்று 1846இல் இரண்டாகப் பிளந்து காணப்பட்டது. 1852க்குப் பின் அது கண்ணிலேயே படவில்லை. 1872 நவம்பர் 27ஆம் நாள் இரவு விண்கற்கள் மழையாகப் பொழிந்தன. அவை அவ்வால்மீனின் சிதறல்கள் என்று கருதிய கிளிங்கர்ஃபியூஸ் என்னும் ஜெர்மானிய வானியலார், அது தென்வானில்தான் தென்படும் என்று கணித்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக்கூடத்திற்குத் தந்தி அடித்தார். அங்கே தலைவராயிருந்தவர் நார்மன் போக்சன்.

மேகம் விலகியபோது அவர் குறிப்பிட்ட இடத்தை நோக்கினார். உண்மையிலேயே ஒரு வால்மீன் இருந்தது! டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் அதன் இடத்தை அளந்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. சென்னையில் மார்கழிக்கு முந்திய வானம் எப்படியிருக்கும் என்பது நாம் அறிந்ததே. மூன்றாவது அளவு கிடைக்கவில்லை.

அந்த வால்மீன் மறுபடி காணப்படவில்லை. பீலாவின் வால்மீன் இருக்க வேண்டிய இடத்துக் கணக்கோடு அது பொருந்தவில்லை என்று பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். அப்படியானால் அது எது, எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது? இருப்பவை நான்கு எண்கள், வேண்டியவை ஐந்து. சமன்பாடு ஒன்று குறைவதால் அவ்விரு இடங்களுக்கும் ஒத்துவரும் பாதைகள் எண்ணிறந்தவை; எது மெய்யென்று எவரும் தீர்க்க முடியாது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1801 ஜனவரி முதல் நாள் கண்டுபிடிக்கப்பட்ட சீரிஸ் என்னும் சிறுகோள், சில வாரங்களில் சூரியனின் ஒளியில் மறைந்துபோயிற்று. அப்போது 24 வயதினரான காஸ், கிடைத்திருந்த குறிப்புகளில் மூன்றைத் தேர்ந்து அதன் நீள்வட்டப் பாதையைக் கணித்தார். அவர் சுட்டிய இடத்தின் அருகிலேயே அவ்வாண்டின் இறுதி நாளன்று அது மீண்டும் அகப்பட்டது. சீரிஸுக்கு மூன்று இருந்தது. போக்சனின் வால்மீனுக்கு இல்லை.

நான்காவது சாட்சி

மூன்று புள்ளிகளின் அருமையைச் சொன்னேன். அவற்றால் விளையும் மயக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள். வாழ்க்கையில் இதுதான் வேண்டும்.

மூன்று புள்ளிகளைக் கொடுத்தால், அவை உண்மையில் எவ்வளைவைச் சேர்ந்தவையாயினும், பரவளையம் ஒன்று பணிவோடு அவற்றின் வழியே சென்றுவிடும். ஆகவே அது பொருந்துவது எதற்கும் சான்றன்று. மெய்யைச் சோதிக்க நான்காவது புள்ளி வேண்டும். அன்று நாங்கள் 5 மணி வரை காத்திருந்தோம். நம் சமன்பாட்டின்படி நேரம் 3 என்றால் −135 + 192 + 102. நீர்மட்டம் 159 இருக்க வேண்டும். கழியில் 162 காட்டியது.

"நாம் கணக்கில் தவறிவிட்டோமா, மாமா?" என்றான் மருமகன்.

கணக்கில் தவறில்லை. பரவளையம் ஏறியவாறே இறங்கும். ஹூக்ளியோ வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் ஆறு. ஏற்றத்துக்குச் செல்லும் நேரம் இறக்கத்துக்குச் செல்லும் நேரத்தைவிடக் குறைவு. சில வேளைகளில் ஏற்றத்தின் தொடக்கமே சுவர்போல் எழுந்து வரும் அலையாகிறது. வங்காளிகள் அதனை 'பான்' என்பர். அந்த 3 சென்டிமீட்டர், நம் வளைவு எவ்விடத்தில் ஆற்றைப் பிரிகிறது என்பதைச் சொல்லும் செய்தி.

இன்னும் அப்பால் சென்றால் விபரீதம். பின்னிரவு 2 மணிக்கு, அதாவது நேரம் 12 என்று, அதே சமன்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: நீர்மட்டம் −1290. கழியின் அடியிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர் கீழே! உண்மையில் ஆறு அதற்குள் இறங்கி மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். புள்ளிகளின் நடுவே பரவளையம் நல்ல துணை. புள்ளிகளைக் கடந்து நெடுந்தூரம் சென்றால் அது வழிகாட்டியன்று.

மற்றொரு மயக்கமும் உண்டு. பொறுமையின்றி 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து கணக்கை முடிக்கலாமே என்று தோன்றும். நம் சமன்பாட்டின்படி 2 மணிக்கு 102, 2.10க்கு 112.25, 2.20க்கு 121.67. நம் கழியில் முழுச் சென்டிமீட்டர்தான் படிக்க இயலும். ஆகவே 102, 112, 122 என்று எழுதுவோம். வேறுபாடுகள் 10, 10, அ பூச்சியம். உச்சமே இல்லை, ஹூக்ளி என்றென்றும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று விடை வரும்! புள்ளிகள் மிக நெருங்கியிருந்தால் அளவின் சிறு பிழை வளைவு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. ஒரு மணிக்கு ஒருமுறை அளந்தால் நிலை வேறு: 151 என்பதை 152 என்று தவறாகப் படித்திருந்தாலும் உச்சத்தின் நேரம் நான்கு நிமிடமே மாறியிருக்கும்.

முடிவாக

அன்று மழைநீர் வடிய இரவு பத்து மணி ஆயிற்று. மருமகன் அதற்குள் தன் பாடத்திலிருந்த மூன்று கணக்குகளையும் முடித்துவிட்டான். அவன் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினான்; நாங்கள் தமிழில் பேசினோம். சமன்பாடு, வர்க்கம், பரவளையம் என்ற சொற்களை அவன் வாயால் அன்றுதான் கேட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்கோடு நின்றுவிட்ட எனக்கும் அன்று ஒரு படி ஏறினாற்போல் இருந்தது. தனிப்பாட ஆசிரியர் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அவர் வரும்வரை பிள்ளை தனியே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதே. நம்மில் பலருக்கு இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரியும். மூன்றாவதைப் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இனி நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. சிறுவன் ஒருவன் முதல் மாடியில் நின்று பந்தை மேலே எறிகிறான். கைவிட்ட நொடியில் பந்து தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1 நொடி கழித்து 10 மீட்டர். 2 நொடி கழித்து 7 மீட்டர். பந்து சென்ற பரவளையத்தின் சமன்பாடு யாது? அது எட்டிய பேருயரம் எவ்வளவு? 3 நொடி கழித்துப் பந்து எங்கே இருக்கும்? கடைசிக் கேள்விக்குச் சமன்பாடு தரும் விடையை அப்படியே எழுதிவிடாமல், சற்றே யோசித்து எழுதுக.